தோட்டத்துக்கும் பைக்குக்கும் ஒரே கருவி: எதை வாங்கலாம்?

காவேரிப்பட்டணம் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். மூன்று ஏக்கரில் மா, ஒரு ஏக்கரில் தக்காளி, இரண்டுக்கும் சொட்டுநீர். காலையில் தோட்டம், பத்து மணிக்கு மேல் கிருஷ்ணகிரியில் ஒரு கடையில் வேலை. போக வர எல்லாம் பைக்தான். “கத்தி, கட்டிங் பிளேயர், ஸ்க்ரூ டிரைவர் எல்லாம் ஒன்றாக மடங்கி இருக்கிற மல்டி டூல் ஒன்று வாங்கி எப்போதும் கையோடு வைத்துக்கொள்ள ஆசை. ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்கும் இருக்கிறது, பத்தாயிரத்துக்கு மேலும் இருக்கிறது. என்னால் 5,000 வரை போட முடியும். எதை வாங்குவது? கிணற்று மோட்டாரின் ஸ்டார்ட்டர் பெட்டி வேலைக்கும் அதையே பயன்படுத்தலாமா? தினமும் தேங்காய் எண்ணெய் தடவி வைத்தால் துரு பிடிக்காமல் இருக்குமா?” இவைதான் அவருடைய கேள்விகள்.

ஸ்டார்ட்டர் பெட்டியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், அது உயிர் சம்பந்தப்பட்டது. கூடாது. எந்த விலை, எந்த கம்பெனி என்றாலும் கூடாது. மல்டி டூலின் கைப்பிடி வெறும் ஸ்டீல். சிலவற்றில் மேலே பிளாஸ்டிக்கோ ரப்பரோ ஒட்டியிருப்பார்கள். அது பிடி வழுக்காமல் இருப்பதற்கு, கரண்டைத் தடுப்பதற்கு அல்ல. நம் கிணற்று மோட்டாருக்கு வருவது மும்முனை மின்சாரம், ஒரு பேஸுக்கும் இன்னொரு பேஸுக்கும் நடுவில் 415 வோல்ட். ஸ்டார்ட்டரில் ஆஃப் பட்டனை அழுத்திவிட்டால் மோட்டார்தான் நிற்கிறது. உள்ளே வருகிற மூன்று ஒயரிலும் கரண்ட் அப்படியேதான் இருக்கிறது. பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

நானும் ஒருமுறை மறந்தேன். ஓசூரில் தொழிற்சாலைப் பராமரிப்பு வேலையில் சேர்ந்த புதிது. ராயக்கோட்டை பக்கம் சித்தப்பா தோட்டத்தில், ராத்திரி முறைக் கரண்ட் வந்த நேரம், டார்ச் வெளிச்சத்தில் ஒரு தளர்ந்த திருகை முடுக்கப் போனேன். கையில் இருந்த கருவியின் மூக்கு பக்கத்து முனையையும் சேர்த்துத் தொட்டுவிட்டது. நீலமாக ஒரு வெடிப்பு, கண் இருண்டுவிட்டது. பார்வை திரும்பி வந்தபோது பிளேயரின் மூக்கு உருகி மழுங்கிக் கிடந்தது, இரண்டு விரல் வெந்திருந்தது. அதற்குப் பிறகு யார் கேட்டாலும் ஒரே பதில்தான். மின்சார வேலைக்கு 1000 வோல்ட் என்ற எழுத்தும் இரட்டை முக்கோணக் குறியும் போட்ட ஸ்க்ரூ டிரைவர் ஒன்று, ஒரு டெஸ்டர். இரண்டையும் மோட்டார் ரூமிலேயே தொங்கவிடுங்கள். மெயினை இறக்கி, டெஸ்டர் வைத்துப் பார்த்து, அப்புறம்தான் கை வைக்க வேண்டும். இந்தச் செலவை உங்கள் 5,000-இல் முதலில் கழித்துக்கொள்ளுங்கள்.

சரி, மடக்குக் கருவிக்கு வருவோம்.

கடையில் இருப்பதெல்லாம் பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் இதில் இரண்டு வம்சம் உண்டு. ஒன்று கத்தி வம்சம். சுவிட்சர்லாந்தில் 1891-இல் ராணுவ வீரர்களுக்கென்று கார்ல் எல்செனர் கொடுக்க ஆரம்பித்த மடக்குக் கத்திதான் அதன் மூலம். விக்டோரினாக்ஸ் அவர் தொடங்கிய கம்பெனி. இதில் கத்திதான் பிரதானம், மற்றதெல்லாம் அதன் கூடப்பிறப்பு. இன்னொன்று பிளேயர் வம்சம். அமெரிக்காவைச் சேர்ந்த டிம் லெதர்மேன் 1975-இல் ஒரு பழைய ஃபியட் காரில் ஐரோப்பாவைச் சுற்றியபோது, வழியெல்லாம் கார் பழுதாகி, பையில் இருந்த கத்தியை வைத்தே சமாளித்திருக்கிறார். இதோடு ஒரு பிளேயரும் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று அப்போது தோன்றியது, அப்படி அவர் செய்த கருவி 1983-இல்தான் விற்பனைக்கு வந்தது. இதில் பிளேயர்தான் நடு, கத்தியும் ரம்பமும் கைப்பிடிக்குள் மடங்கிக்கொள்ளும்.

உங்களுக்கு எந்த வம்சம் என்பதைப் பெட்டியில் போட்டிருக்கிற ‘18 இன் 1’, ‘30 இன் 1’ என்ற எண் சொல்லாது. உங்கள் கைதான் சொல்லும். ஒரு வாரம் சட்டைப்பையில் ஒரு துண்டுத்தாள் வைத்துக்கொண்டு, கருவி தேவைப்பட்ட ஒவ்வொரு முறையும் ஒரு கோடு போடுங்கள். வெட்டுவதற்கு ஒரு பக்கம், பிடித்து இழுப்பதற்கு ஒரு பக்கம், திருகுவதற்கு ஒரு பக்கம். உங்கள் தோட்டத்தைப் போன்ற தோட்டங்களில் நான் பார்த்த வரைக்கும் வெட்டுவதுதான் முக்கால்வாசி: லேட்டரல் (செடி வரிசையோரம் ஓடும் சொட்டுநீர்க் குழாய்), சணல், சாக்குத் தையல், உர மூட்டையின் வாய், மாங்காய்க் காம்பு, விரல் தடிமன் கிளை. பிளேயர் வேலை என்றால் தக்காளிக் குச்சிக்குக் கட்டுக்கம்பி முறுக்குவது, டயரில் ஏறிய ஆணியைப் பிடுங்குவது. இவை தினமும் வராது. வரும்போது பைக் பக்கத்தில்தான் நிற்கும்.

அதனால் என் தீர்ப்பு இது. 5,000 ரூபாய்க்குள் பிளேயர் வம்சத்தில் நல்லது கிடைப்பது கஷ்டம். லெதர்மேன் வேவ் மாதிரி ஒன்று பத்தாயிரத்தைத் தாண்டிவிடும். அதே தோற்றத்தில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிற நகலை வாங்கவே வாங்காதீர்கள். அதில் பிளேயரின் இரண்டு தாடையையும் சேர்க்கிற ஆணி மெத்தென்று இருக்கும். நாலு தடவை அழுத்தினால் ஆட்டம் கொடுக்கும், பிறகு மூக்கு ஒன்றுக்கொன்று விலகி நிற்கும், ஒருநாள் அழுத்தும்போதே கைப்பிடி வளைந்து உள்ளங்கைத் தோலைக் கவ்வும். உங்கள் 5,000-க்குள் கத்தி வம்சத்தில் உண்மையானது ஒன்று வாங்கலாம். விக்டோரினாக்ஸில் ஹன்ட்ஸ்மேன் என்று ஒரு மாடல், மடக்கினால் 91 மில்லிமீட்டர் நீளம், நூறு கிராமுக்குள் எடை. பெரிய கத்தி, சின்னக் கத்தி, கத்தரிக்கோல், மர ரம்பம், ஸ்க்ரூ டிரைவர், காதுள்ள குத்தூசி எல்லாம் இருக்கும். அந்தக் காதில் சணல் கோத்துக் கிழிந்த சாக்கைத் தைத்துவிடலாம். ஃபார்மர் என்றே பெயர் வைத்த அலுமினியப் பிடி மாடலும் உண்டு. பிடி உறுதி, ரம்பமும் உண்டு, ஆனால் கத்தரிக்கோல் இல்லை. இரண்டில் உங்கள் தொகைக்குள் எது வருகிறதோ அதை எடுங்கள். கூடவே ஆறு அங்குல நோஸ் பிளேயர் ஒன்றும், 10-க்கும் 12-க்கும் ஸ்பேனரும் வாங்கி பைக் பெட்டியில் துணியில் சுற்றிப் போட்டுவிடுங்கள். எந்த மல்டி டூலும் ஸ்பேனர் வேலையைச் செய்யாது. பிளேயரால் நட்டைத் திருகினால் அதன் மூலை தேய்ந்து உருண்டையாகிவிடும், பிறகு மெக்கானிக்கும் அதைக் கழற்றத் திணறுவார்.

இந்தக் கத்திகளில் இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். முதலாவது, இவற்றின் கத்திக்குப் பூட்டு கிடையாது. வில்லின் அழுத்தத்தில்தான் நிற்கிறது. வெட்டலாம், இழுத்து அறுக்கலாம். எதையும் குத்தக் கூடாது. குத்தினால் மடங்கி விரலின் மேல் இறங்கும். இரண்டாவது, டிரிப்பர் (சொட்டு விடும் முனை) போட லேட்டரலில் குத்தூசியால் ஓட்டை போடாதீர்கள். அதற்கு ஒரு பக்கம் வெட்டு முனை இருப்பதால் ஓட்டை வட்டமாக விழாமல் கிழிந்து, அழுத்தம் வந்ததும் ஓரமாகக் கசியும். சொட்டுநீர்க் கடையில் கிடைக்கிற பஞ்ச்தான் அதற்குச் சரி.

இரண்டு வருடம் கழித்து கையில் பணம் சேர்ந்து பிளேயர் வம்சத்துக்கே போக நினைத்தால், கடையில் இப்படிப் பாருங்கள். பிளேயரை மூடி வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். நுனி சரியாகத் தொட வேண்டும், தாடை ஒரு பக்கமாகச் சாயக் கூடாது. இரண்டு கைப்பிடியையும் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். வெறும் கையால் இறுக்கி அழுத்துங்கள். விளிம்பு உள்ளங்கையை அறுக்கிற மாதிரி இருந்தால் வேண்டாம். கத்தி விரிந்ததும் பூட்டிக்கொள்கிறதா, வெட்டும் முனையைத் தனியாகக் கழற்றி மாற்ற முடியுமா என்று கேளுங்கள். லெதர்மேனில் வேவ் பிளஸ், ரீபார் போன்ற மாடல்களில் அந்த முனையை மாற்றலாம், ஸ்கெலிடூலில் முடியாது. கம்பி வெட்டுகிறவருக்கு இது பெரிய வித்தியாசம். கட்டுக்கம்பி மெத்து, எத்தனை வெட்டினாலும் தாங்கும். கிளட்ச் கேபிள் உள்கம்பி அப்படியில்லை, கடினமான ஸ்டீல். அதை வெட்டினால் முனையில் பல் விழுந்துவிடும். பில்லைப் பத்திரமாக வையுங்கள்: லெதர்மேனுக்கு 25 வருட உத்தரவாதம் உண்டு.

எடையையும் மறக்க வேண்டாம். வேவ் பிளஸ் 241 கிராம். பேன்ட் பையில் போட்டால் பகல் முழுக்கத் தொடையில் இடிக்கும். தோட்டத்துக்கு வேட்டியோ லுங்கியோ கட்டிப் போகிறவர் என்றால் நம் பச்சை பெல்ட்டின் பைதான் அதற்குப் பொருத்தமான இடம். சட்டைப்பையில் மட்டும் வைக்காதீர்கள். குனிந்து கிணற்றையோ தொட்டியையோ பார்க்கிற நொடியில் போய்விடும். வளையம் இருக்கிற மாடல் என்றால் ஒரு கயிறு கட்டி பெல்ட்டோடு முடிந்துவையுங்கள்.

கத்தி வைத்திருந்தால் போலீஸ் பிடிக்குமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். ஆயுத விதிகள், 2016 கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவருவது 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்தி, வாள் வகைகளை. அதிலும் வீட்டுக்கும் விவசாயத்துக்கும் செய்தவற்றுக்கு விலக்கு உண்டு. உங்களுடையதில் விரிந்த கத்தியின் அலகு மூன்று அங்குலம்கூட வராது. ஆனாலும் கலெக்டர் ஆபீஸ், கோர்ட், பள்ளிக்கூடம் போகிற நாளில் பைக் பெட்டியிலோ வீட்டிலோ விட்டுப் போங்கள். பெங்களூருவில் விமானம் ஏறுவதாக இருந்தால் செக்-இன் பையில் போடுங்கள், கைப்பையில் இருந்தால் வாங்கி வைத்துவிடுவார்கள்.

இனி துரு. ஸ்டெயின்லெஸ் என்றால் துருவே பிடிக்காது என்று அர்த்தமில்லை. அதில் உள்ள குரோமியம் மேலே கண்ணுக்குத் தெரியாத ஒரு படலத்தை உண்டாக்கிக் காக்கிறது. குளோரைடு அந்தப் படலத்தைத் துளைக்கும். நாம் சொட்டுநீரில் கரைத்து விடுகிற பொட்டாஷ் பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடுதான். உரத்தொட்டி நீர் பட்ட கத்தியை அப்படியே மடக்கி வைத்தால், பத்தே நாளில் கீல் பக்கத்தில் ஊசி குத்திய மாதிரி புள்ளிகள் வரும். மாங்காய்ப் பால் வேறு விதம். அதன் புளிப்பு கறையாக்கும், அதன் பிசின் கீலில் இறங்கிக் காய்ந்து கத்தியைத் திறக்கவே விடாது. சீசனில் தினமும் சாயங்காலம் கொஞ்சம் மண்ணெண்ணெய் தொட்ட துணியால் பிசினைத் துடைத்து, சோப்புத் தண்ணீரில் விரித்து அலசி, வெயிலில் பத்து நிமிடம் காயவையுங்கள். கொல்லுப்பட்டறை அரிவாளுக்கு நாம் காட்டுகிற அதே அக்கறைதான். நம் மாவட்டத்து மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பு நாலாயிரம் வருடத்துக்கு முந்தையது என்று 2022-இல் அறிவித்தார்கள். இரும்போடு இத்தனை காலம் பழகிய மண்ணில் பிறந்தவருக்கு ஒரு சின்னக் கத்தியைக் காப்பது கஷ்டமே இல்லை.

தேங்காய் எண்ணெய் மட்டும் வேண்டாம். 24 டிகிரிக்குக் கீழே போனால் உறைந்துவிடும். மார்கழிக் காலையில் உங்கள் வீட்டு எண்ணெய் பாட்டிலைப் பார்த்தாலே தெரியும். குளிர் கூடின தளி, தேன்கனிக்கோட்டை பக்கம் கேட்கவே வேண்டாம். நாளாக ஆகச் சிக்குப் பிடித்து தூசியை இழுத்துக்கொள்ளும். தையல் மெஷின் எண்ணெய் ஒரு சின்ன பாட்டில் வாங்குங்கள். வாரம் ஒருமுறை ஒவ்வொரு கீலுக்கும் ஒரே ஒரு சொட்டு விட்டு, பத்துப் பதினைந்து தடவை திறந்து மூடி, வெளியே கசிவதைத் துடைத்துவிடுங்கள். இந்தக் கத்தியாலேயே காய் அறுத்துச் சாப்பிடுகிற பழக்கம் இருந்தால், கத்தியின் அலகில் எண்ணெய் படாமல் கீலில் மட்டும் விடுங்கள்.