சோற்றுப் பசை

ஐயா, வணக்கம். நான் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி ஆசிரியை. பழைய மாணவர் ஒருவர் பள்ளிக்குப் புத்தகம் வாங்க 10,000 ரூபாய் கொடுத்திருக்கிறார். மூன்று, நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்கு என்னென்ன வாங்கலாம்? ஒரு பட்டியல் தர முடியுமா? படக்கதை வாங்கினால் எழுத்தைப் படிக்காமல் படத்தை மட்டும் பார்த்துப் பழகிவிடுவார்களோ? இருக்கிற புத்தகங்களைக் கிழித்துவிடுகிறார்கள் என்று கண்ணாடி பீரோவில் பூட்டி வைத்திருக்கிறோம். தடுமாறாமல் வாசிக்க வந்த பிறகு கொடுக்கலாம் என்பது தலைமை ஆசிரியரின் எண்ணம், எனக்கும் அது சரியென்றே படுகிறது. மூன்றாம் வகுப்பில் ஒரு பெண் மட்டும் இடைவேளையில் பீரோ முன்னால் வந்து நின்றுகொண்டே இருப்பாள்.

— ஓர் ஆசிரியை

அன்புள்ள டீச்சர்,

உங்கள் கடிதம் வந்த அன்று வீட்டு வரி ரசீதை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். நூறு ரூபாய் சொத்து வரிக்குப் பத்து ரூபாய் நூலக வரி. சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர்.ரங்கநாதன் பாடுபட்டு, 1948இல் சென்னை மாகாணத்தில் வந்த பொது நூலகச் சட்டத்தின் வழியாக நாம் எல்லோரும் கட்டுகிற காசு அது. அந்தக் காசில் வாங்கிய புத்தகம் பிள்ளைகள் கைக்குப் போகிறதா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது உங்கள் பீரோ வந்து சேர்ந்தது.

பட்டியல் நான் தரமாட்டேன். பக்கத்திலிருக்கும் கிளை நூலகத்துக்குப் போய், எந்தப் புத்தகம் அதிகம் அழுக்காகித் திரும்பி வருகிறது என்று நூலகரிடம் கேளுங்கள். அதை வாங்குங்கள். படக்கதை யாரையும் கெடுக்காது.

பூட்டுக்கு வருகிறேன். தடுமாறாமல் வாசிக்க வந்த பிறகுதான் புத்தகமா? என்ன பேச்சு டீச்சர் இது? சைக்கிள் சீட்டுக்குக் கால் எட்டாத பிள்ளை என்ன செய்கிறது? பாருக்கு அடியில் காலை விட்டுக் குரங்கு பெடல் அடிக்கிறது. நாலு இடத்தில் விழுகிறது, முட்டி பெயர்கிறது, சைக்கிளிலும் கீறல் விழுகிறது. கால் வளரட்டும் என்று சைக்கிளைப் பூட்டி வைத்த வீட்டுப் பிள்ளை, கால் வளர்ந்த பிறகும் ஓட்டப் பயப்படும். படத்தைப் பார்த்துப் பாதி, எழுத்தைக் கூட்டிப் பாதி, மிச்சத்தைத் தானே கற்பனை செய்து ஒரு பிள்ளை கதை சொல்கிறதே, அதுதான் வாசிப்பின் குரங்கு பெடல். நம் அரசே வாசிப்பு இயக்கப் புத்தகங்களை நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படியாகப் பிரித்துத்தான் கொடுத்திருக்கிறது. தடுமாறுகிற பிள்ளைக்கென்றே முதல் படி இருக்கிறது. அதையும் பூட்டி வைத்தால் அவள் எதில் நுழைவாள்?

நானும் நான்காம் வகுப்பில் எழுத்துக் கூட்டித்தான் படித்தேன். எங்கள் பள்ளியிலும் ஒரு கண்ணாடி பீரோ. உள்ளே யானைப் படம் போட்ட ஒரு புத்தகம். ஐந்தாம் வகுப்பு முடித்து வெளியே வரும்வரை அந்த யானையை நான் தொட்டதில்லை.

ஊரில் ஒரு நூலகம் இருந்தது, ஒற்றை அறை, ஓட்டுக் கட்டடம். அங்கே எடுத்த ஒரு புத்தகத்தின் நடுப்பக்கம் தம்பியோடு நடந்த இழுபறியில் கிழிந்துவிட்டது. நான்கு நாள் அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். ஐந்தாம் நாள் சோற்றைக் குழைத்து ஒட்டி, அழுதுகொண்டே கொண்டுபோனேன். நூலகர் அந்தப் பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "நல்லா ஒட்டியிருக்கியே" என்றார். அப்புறம் உள்ளேயிருந்து ஒரு கட்டுக் கிழிந்த புத்தகங்களைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். அந்தக் கோடை முழுவதும் தரையில் உட்கார்ந்து ஒட்டினேன். கிழிந்த துண்டு எந்தப் பக்கத்துக்கு உரியது என்று கண்டுபிடிக்க மேல் வரியையும் கீழ் வரியையும் படித்தாக வேண்டும். ஜூன் மாதம் பள்ளி திறந்தபோது எனக்கு வாசிக்க வந்திருந்தது. எனக்கு யாரும் பாடம் எடுக்கவில்லை.

உங்கள் பயம் எனக்குப் புரியாமலில்லை. இருப்பு சரிபார்க்க வரும்போது ஒரு புத்தகம் குறைந்தால் யார் பதில் சொல்வது என்ற பயம். சரி, இந்தப் பத்தாயிரம் பழைய மாணவர் கொடுத்த பணம்தானே? "வருஷம் இருபது புத்தகம் கிழியும், தொலையும், பரவாயில்லையா" என்று அவரிடம் முன்கூட்டியே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பழைய காலத்து ஐரோப்பிய நூலகங்களில் புத்தகங்களைச் சங்கிலியால் கட்டி வைத்திருந்தார்கள். "புத்தகம் பயன்படுத்துவதற்கே" என்பதை ரங்கநாதன் 1931இல் நூலகங்களுக்கான தன் ஐந்து விதிகளில் முதலாவதாக எழுதியபோது அந்தச் சங்கிலியைத்தான் நினைவூட்டினார். அதே ஆண்டில் மன்னார்குடிப் பக்கத்துக் கிராமங்களுக்குப் நடமாடும் நூலகமாகப் புத்தகம் மாட்டு வண்டியில் போனது. மேடு பள்ளத்தில் குலுங்கிக்கொண்டு, புழுதியில், வெயிலில். உங்கள் பீரோவிலிருந்து வகுப்பறைக்கு எத்தனை அடி இருக்கும்?

வகுப்புச் சுவரில் கொடி கட்டிப் புத்தகங்களைத் தொங்கவிடுங்கள். பிள்ளைகளே எடுக்கட்டும், நோட்டில் அவர்களே பெயர் எழுதட்டும், எழுத்துப் பிழையோடு எழுதட்டும். மாதம் ஒருமுறை கிளை நூலகத்துக்கு நடத்திக் கூட்டிப் போங்கள். பள்ளியும் பொது நூலகமும் ஒரே துறைக்குக் கீழேதான் இருக்கின்றன, தயங்காமல் கேளுங்கள்.

பட்டியலைப் பற்றி அவ்வளவு எழுதிவிட்டு, பீரோ முன்னால் நிற்கும் அந்தப் பெண்ணுக்கு ஒரே ஒரு வரிதான் ஒதுக்கியிருக்கிறீர்கள். நாளைக்கு அவளைக் கூப்பிட்டு எந்தப் புத்தகத்தைப் பார்க்கிறாள் என்று கேளுங்கள். எடுத்து அவள் கையில் கொடுங்கள். கிழிந்து வந்தால் மதியச் சோற்றில் நாலு பருக்கை எடுத்து வையுங்கள்.