தோட்டத்துப் பெரியம்மா பதில்கள்: செண்டுமல்லி

(பதில் தருபவர் காவேரிப்பட்டணத்தில் இருக்கிறார்.)

கேள்வி: பெரியம்மா, எங்கள் செண்டுமல்லி இடுப்பு உயரம் வளர்ந்துவிட்டது. உச்சியில் ஒரே ஒரு பூ, மற்றதெல்லாம் இலை. உரம் போதவில்லையா?
- வாசகி, பாலக்கோடு

பதில்: உரம் கூடிப்போயிருக்கும். யூரியாவை அள்ளிப் போட்டால் செண்டுமல்லி இலையாகத்தான் தள்ளும். அதை விடுங்கள், நுனி கிள்ளினீர்களா? கிள்ளியிருக்க மாட்டீர்கள். நாற்று நட்டு ஒரு மாதம் ஆகும்போது நடுத்தண்டில் முதல் மொட்டு எட்டிப் பார்க்கும். எல்லோருக்கும் மனம் இளகுவது அப்போதுதான். 'ஐயோ, முதல் மொட்டு' என்பார்கள். இளகக் கூடாது அம்மா. மொட்டோடு சேர்த்து, கீழே இரண்டு ஜோடி இலை வரைக்கும் இளந்தண்டை நகத்தால் கிள்ளிப் போடுங்கள். தண்டு பட்டென்று ஒடிய வேண்டும். நார் இழுத்தால் முற்றிவிட்டது, கத்தரிக்கோல் எடுங்கள். சில நாளில் கீழ்க்கணுக்களில் பச்சைக் குருத்து கிளம்பும். ஒவ்வொன்றும் ஒரு கிளை, கிளைக்குக் கிளை மொட்டு. பூப்பது கொஞ்சம் தள்ளிப்போகும், போகட்டும். உங்கள் செடியில் மூன்றில் ஒரு பங்கை இன்றைக்கே வெட்டிவிடலாம். ஆனால் வெயில் விழாத மூலையில் வைத்திருந்தால் நானும் உதவ முடியாது, கத்தரிக்கோலும் உதவாது.

கேள்வி: ஆயுத பூஜைக்கு வீட்டுப் பூவே வேண்டும். எப்போது விதைப்பது?
- வாசகர், ஓசூர்

பதில்: விதைத்து மூன்று மாதத்தில் பூ கைக்கு வரும். ஆனி நடுவில் விதையுங்கள், ஆடிப்பெருக்கை ஒட்டி நாற்றைப் பிடுங்கி ஒன்றரை அடிக்கு ஒன்றாக நடுங்கள். பூக்க ஆரம்பித்ததும் பறித்துக்கொண்டே இருங்கள். அழகாக இருக்கிறது என்று செடியிலேயே விட்டால் விதை பிடித்து, அடுத்த மொட்டு குறைந்துவிடும்.

கேள்வி: பூஜை மாலையை உதிர்த்து விதைத்தேன். ஒன்றுகூட முளைக்கவில்லையே?
- வாசகி, தர்மபுரி

பதில்: மாலைக்குப் பறிப்பது விதை முற்றாத பூ. விதை வேண்டுமென்றால் ஒரு நல்ல பூவைச் செடியிலேயே காயவிட வேண்டும், காம்பு பழுப்பாகும் வரைக்கும். பிரித்துப் பார்த்தால் ஊசி போன்ற விதைகள் இருக்கும். கறுத்து விறைப்பாக இருப்பதை எடுங்கள். வெளுத்து மெத்தென்று வளைவது சொத்தை. கடையில் வாங்கிய ஒட்டுரக விதையில் வளர்ந்த செடி என்றால் அடுத்த தலைமுறை தாயைப் போல இருக்காது. சில அடுக்கு குறைந்து பூக்கும். வாசலுக்கு அது போதும்.

கேள்வி: தக்காளி நடுவே ஒரு செண்டுமல்லி வைத்தால் வேரில் முடிச்சு விழாது என்கிறார்களே?
- வாசகர், ராயக்கோட்டை

பதில்: பாதி உண்மை. வேரில் அந்த முடிச்சை உண்டாக்குவது நூற்புழு என்ற நுண்ணிய புழு. செண்டுமல்லி வேரில் அதைக் கொல்லும் பொருள் இருக்கிறது. ஆனால் ஓரமாக ஒற்றைச் செடியை நிறுத்திவிட்டு நூற்புழு ஓடிவிடும் என்று காத்திருப்பது வீண். தக்காளிக்கு முந்தின பருவத்தில் அந்தப் பாத்தி முழுக்க செண்டுமல்லியை நெருக்கமாக நட்டு, இரண்டு மூன்று மாதம் வளர்த்து, மண்ணோடு கொத்திவிட வேண்டும். பூத்துக் குலுங்குகிற பாத்தியைக் கொத்த உங்களுக்கு மனம் வருமா என்பதுதான் கேள்வி. காய்ப்புழு வேறு கதை. வயலில் 16 வரிசைத் தக்காளிக்கு ஒரு வரிசை செண்டுமல்லி வைப்பார்கள், காய்ப்புழுவின் தாய் அந்துப்பூச்சி தக்காளியை விட்டு அந்தப் பூவில் முட்டையிடும். அந்தப் பூவைப் பறித்து அழிக்காவிட்டால் புழுவை நீங்களே வளர்த்த மாதிரிதான்.

கேள்வி: வாடிய பூவைக் குப்பையில் போட மனமில்லை.
- வாசகி, ஊத்தங்கரை

பதில்: சாயம் எடுங்கள். இதழ்களை நிழலில் உலர்த்தி, எவர்சில்வர் பாத்திரத்தில் அரை மணி நேரம் கொதிக்கவைத்து வடிகட்டுங்கள். இரும்புச் சட்டி வேண்டாம், நிறம் கறுத்துவிடும். துணியை முன்கூட்டியே படிகார நீரில் ஊறவைத்துப் பிழிந்து, இந்தச் சாயத்தில் சூடாகவே போடுங்கள். பட்டு நன்றாக மஞ்சள் பிடிக்கும், பருத்தி கொஞ்சம் மங்கலாகத்தான் வரும். முதலில் ஒரு பழைய கைக்குட்டையில் பாருங்கள், கல்யாணப் புடவையில் வேண்டாம்.