கண்டார்கள், இன்னும் பிடிக்கவில்லை

கேள்வி: செவ்வாய் கிரகத்தில் தண்ணீர் ஓடியதையும் உயிர் வாழ்ந்ததையும் விஞ்ஞானிகள் கண்டுபிடித்துவிட்டார்களாமே, உண்மையா? (வாசகர், மணப்பாறை)

பதில்: தண்ணீர் ஓடியது உண்மை. 2012இல் கேல் பள்ளத்தில் இறங்கிய கியூரியாசிட்டி ஊர்தி, சில வாரங்களிலேயே நம் ஆற்றுப்படுகைகளில் கிடப்பது போன்ற உருண்டைக் கூழாங்கற்களைப் படமெடுத்து அனுப்பியது. அந்த அளவுக் கற்களைக் காற்றால் உருட்டி மழுக்க முடியாது. ஓடும் நீரால்தான் முடியும். உயிரைப் பற்றிச் சொல்வதற்கு முன் உங்கள் கேள்வியில் இருக்கும் ஒரு சொல்லைப் பற்றிப் பேச வேண்டும்.

'கண்டுபிடித்துவிட்டார்களாமே'. இதன் வாலில் இருக்கும் 'ஆம்' எனக்கு உயிர். 'வந்தான்' என்றால் நானே பார்த்தேன். 'வந்தானாம்' என்றால் யாரோ சொன்னார்கள், நான் பார்க்கவில்லை. கேள்விப்பட்டதைப் பார்த்ததாகச் சொல்லக் கூடாது என்ற நேர்மையை நம் மொழி ஓர் அசைக்குள் வைத்திருக்கிறது. பாட்டிகள் கதை சொல்லும்போதுகூட 'ஒரு ஊரில் ஒரு ராஜாவாம்' என்றுதான் தொடங்கினார்கள். ராஜாவை அவர்கள் பார்த்ததில்லை. அதை மறைக்கவும் இல்லை.

இந்த 'ஆம்' பத்திரிகைத் தலைப்புகளிலிருந்து விரட்டப்பட்டுவிட்டது. அதைத் திரும்பக் கொண்டுவர முப்பது ஆண்டுகளாக என் அலுவலகத்திலேயே சண்டை போடுகிறேன். 'ஆம் போட்டால் தலைப்பு வம்புப் பேச்சாகிவிடும் சார்' என்பது உதவி ஆசிரியர்களின் வாதம். நான் ஒப்புக்கொண்டதே இல்லை. 'செவ்வாயில் உயிர்! விஞ்ஞானிகள் அதிர்ச்சி!' என்று அச்சடிப்பதுதான் வம்பு. எந்த விஞ்ஞானியும் அதிர்ந்ததில்லை. அவர் உட்கார்ந்து அளந்துகொண்டிருந்தார்.

அடுத்து 'கண்டுபிடித்து'. காண்பது ஒரு வேலை, பிடிப்பது வேறு வேலை. செவ்வாயின் கதை முழுவதும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நடக்கிறது.

1976இல் வைக்கிங் கலங்கள் இரண்டு அங்கே இறங்கின. கில்பர்ட் லெவின் வடிவமைத்த சோதனையில், கதிரியக்கக் கரி கலந்த ஊட்டச்சாற்றை மண்ணில் சொட்டினார்கள். மண்ணுக்குள் நுண்ணுயிர் இருந்தால் அதைத் தின்று வாயுவை வெளிவிடும். வாயு வந்தது! ஆனால் அதே கலத்தில் இருந்த இன்னொரு கருவி மண்ணைச் சூடாக்கி, உயிருக்கு அடிப்படையான கரிமச் சேர்மங்களைத் தேடியது; கிடைக்கவில்லை. உடலே இல்லாமல் உயிர் எப்படி என்று பெரும்பாலோர் கைவிட்டார்கள். 2008இல் ஃபீனிக்ஸ் கலம் செவ்வாய் மண்ணில் பெர்குளோரேட் உப்பைக் கண்டது. சூடாக்கினால் கரிமப் பொருளைச் சிதைத்துவிடக்கூடிய உப்பு அது. அப்படியானால் அன்று தேடிய விதமே தேடியதை அழித்திருக்கலாம். வந்த வாயுவுக்கும் மண்ணின் வேதியியலே காரணமாக இருக்கலாம். லெவின் 2021இல் இறக்கும்வரை 'உயிரைக் கண்டோம்' என்ற நிலையிலிருந்து இறங்கவில்லை. அவரை நான் மதிக்கிறேன். ஆனாலும் அவர் கண்டதை இன்னொருவர் பிடித்துக்காட்டவில்லை.

2015 செப்டம்பரில் இன்னொன்று. செவ்வாயின் செங்குத்துச் சரிவுகளில் வெயில் காலத்தில் நீண்டு, குளிரில் மறையும் கரிய கோடுகளைக் காட்டி, இன்றைக்கும் அங்கே உப்புநீர் கசிகிறது என்று நாசா பெரிதாக அறிவித்தது. இரண்டே ஆண்டில் வேறோர் ஆய்வு, அவை உலர்ந்த மணல் சரியக்கூடிய அளவுக்குச் செங்குத்தான இடங்களில்தான் முடிகின்றன என்று காட்டியது. தண்ணீரென்றால் சரிவு குறைந்த இடத்திலும் வழிந்திருக்க வேண்டுமே. 2015இல் முதல் பக்கத்தில் வந்த தண்ணீர், 2017இல் மணலானபோது எந்தப் பக்கத்தில் வந்தது? எனக்கு இன்னும் ஆறாத கோபம் இது.

இப்படித்தான் நடக்கும் என்றில்லை. நம் சந்திரயான்-1 சுமந்து சென்ற ஓர் அமெரிக்கக் கருவி நிலவின் மேற்பரப்பில் நீரின் அடையாளத்தைக் கண்டது. கருவியின் கோளாறோ என்று அந்தக் குழுவுக்கே சந்தேகம். 1999இல் நிலவைக் கடந்துபோன காசினி விண்கலம் எடுத்த அளவுகளைத் தோண்டிப் பார்த்தார்கள். டீப் இம்பாக்ட் கலத்தை நிலவைப் பார்க்கச் சொன்னார்கள். மூன்றும் ஒன்றையே சொன்ன பிறகுதான் 2009 செப்டம்பரில் உலகுக்கு அறிவித்தார்கள். அதுதான் பிடிப்பது.

இப்போது உங்கள் கேள்விக்கு. 2024 ஜூலையில், செவ்வாயில் இருக்கும் பெர்சிவரன்ஸ் ஊர்தி, அங்குள்ள ஜெசீரோ பள்ளத்துக்குத் தண்ணீர் கொண்டுவந்த பழைய ஆற்றுப் பள்ளத்தாக்கில் ஒரு பாறையைக் கண்டது. 'செயாவா அருவி' என்று பெயர் வைத்தார்கள். அதில் சிறுத்தையின் புள்ளிகள் போன்ற வளையங்கள். அவற்றில் இரும்பு பாஸ்பேட்டும் இரும்பு சல்ஃபைடும் இருப்பதாகத் தெரிகிறது. நம் பூமியில் மக்கும் கரிமப் பொருள் கிடக்கும் சேற்றில் இவை உண்டாகின்றன. சில நுண்ணுயிர்கள் இவற்றை உண்டாக்கவும் செய்கின்றன. உயிரில்லாமலும் இவை உருவாகலாம். ஆனால் அதற்கான சில வழிகளுக்குக் கடும் வெப்பம் வேண்டும், அந்தப் பாறை வெந்ததற்கான அடையாளம் இல்லை. 2025 செப்டம்பரில் 'நேச்சர்' இதழில் இது வெளியானபோது ஆய்வாளர்கள் பயன்படுத்திய சொல், 'உயிரின் தடயமாக இருக்கக்கூடியது'. 'இருக்கக்கூடியது' என்பதை அவர்கள் விடவில்லை. நம் தலைப்புகளில் பல அதைத்தான் முதலில் வெட்டின.

அந்தப் பாறையைத் துளைத்து எடுத்த மாதிரிக்கு 'சஃபையர் கேன்யன்' என்று பெயர். குழாய்க்குள் அடைத்து முத்திரையிட்டு வைத்திருக்கிறார்கள். அதைப் பூமிக்குக் கொண்டுவந்து, பல நாட்டு ஆய்வகங்களில் சீவிச் சீவிப் பார்த்தால்தான் பிடிப்பதைப் பற்றிப் பேசவே முடியும். கொண்டுவரும் திட்டமோ செலவுக் கணக்கில் சிக்கிக்கொண்டது. இத்தனை தூரம் போய், பாறையைத் துளைத்து, குழாயில் அடைத்த பிறகு, எடுத்துவரக் காசில்லை என்று நிற்பதை என்னால் பொறுக்க முடியவில்லை.

ஆக, 'கண்டார்களாமே' என்று கேட்டிருந்தால் 'ஆம்' என்று ஒரே சொல்லில் முடித்திருப்பேன்.