5 ஹெச்.பி. மோட்டார்: 3.7 கிலோவாட்டா, 4.4 கிலோவாட்டா?

கேள்வி: என் மோட்டாரின் நேம் பிளேட்டில் 3.7 கிலோவாட் என்று போட்டிருக்கிறது. விற்றவர் 5 ஹெச்.பி. என்று சொல்லித்தான் கொடுத்தார். கணக்குப் போட்டால் 4.96 தான் வருகிறது. ஏமாந்துவிட்டேனா?

பதில்: இல்லை. ஒரு ஹெச்.பி. என்பது 746 வாட், ஐந்துக்கு 3,730 வாட். மோட்டார் செய்கிறவர்கள் 0.75, 1.5, 2.2, 3.7, 5.5, 7.5 கிலோவாட் என்று ஒரு வரிசை வைத்திருக்கிறார்கள். இவைதான் வழக்கத்தில் 1, 2, 3, 5, 7.5, 10 ஹெச்.பி. மோட்டார்கள். கால்குலேட்டர் இல்லாத நேரத்தில் ஹெச்.பி.யில் முக்கால் பங்கு எடுத்தால் கிலோவாட், கிலோவாட்டோடு அதன் மூன்றில் ஒரு பங்கைக் கூட்டினால் ஹெச்.பி., பிழை அரை சதவீதம்தான். இந்த வரிசையில் 7.5 இரண்டு பக்கமும் வருகிறது, கவனித்தீர்களா? அலகைச் சொல்லாமல் ‘ஏழரை மோட்டார்’ என்று ஆர்டர் கொடுத்தால் எது வந்து இறங்கும் என்பதற்கு நான் பொறுப்பில்லை.

கேள்வி: வெளிநாட்டு இயந்திரம் ஒன்றின் கையேட்டில் 10 பி.எஸ். என்று இருக்கிறது. அதுவும் ஹெச்.பி.யும் ஒன்றுதானே?

பதில்: கிட்டத்தட்ட. பிரிட்டிஷ் ஹெச்.பி. என்பது ஜேம்ஸ் வாட் வைத்த கணக்கு, 550 பவுண்டு எடையை ஒரு நொடியில் ஓர் அடி தூக்கும் திறன், 745.7 வாட். ஜெர்மானியர்களின் பி.எஸ். மெட்ரிக் கணக்கு, 75 கிலோவை ஒரு நொடியில் ஒரு மீட்டர் தூக்குவது, 735.5 வாட். உங்கள் 10 பி.எஸ். 7.36 கிலோவாட், அதாவது 9.86 ஹெச்.பி. வித்தியாசம் ஒன்றரை சதவீதம்கூட இல்லை, மோட்டார் வாங்க இதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: 5 ஹெச்.பி. மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் 3.73 யூனிட்தானே ஆக வேண்டும்? மீட்டர் அதற்கு மேல் காட்டுகிறது. மீட்டரில் கோளாறா?

பதில்: மீட்டரைத் திட்டாதீர்கள். இந்த வாரக் கடிதங்களில் பாதி இதே குழப்பம்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பிளேட்டில் இருப்பது மோட்டார் ஷாஃப்டில், அதாவது சுற்றும் தண்டில், வெளியே தருகிற திறன், கம்பியிலிருந்து உள்ளே இழுப்பது அல்ல. நடுவில் சுருளின் சூடு, இரும்பு இழப்பு, பேரிங் உராய்வு, விசிறி எல்லாம் தங்கள் பங்கை எடுத்துக்கொள்ளும். மோட்டாரின் செயல்திறன் 85 சதவீதம் என்றால் 3.73ஐ 0.85ஆல் வகுக்க வேண்டும், 4.39 கிலோவாட் வரும். முழு லோடில் ஒரு மணி நேரம் ஓடினால் ஏறக்குறைய 4.4 யூனிட். லோடு பாதிதான் என்றால் இழுப்பதும் குறையும், ஏனென்றால் பிளேட்டில் உள்ள எண் மோட்டாரால் எவ்வளவு முடியும் என்பதைச் சொல்கிறதே தவிர எப்போதும் அவ்வளவு எடுக்கும் என்று சொல்லவில்லை.

சரி, ஜெனரேட்டர் வாங்கப் போகிறீர்கள் என்றால் இன்னும் ஒரு படி இருக்கிறது. ஜெனரேட்டரை கே.வி.ஏ.வில் (கிலோ வோல்ட் ஆம்பியர்) விற்பார்கள். அதில் எத்தனை பங்கு கிலோவாட்டாக வேலைக்கு ஆகிறது என்பதுதான் பவர் ஃபேக்டர். 4.39ஐ பவர் ஃபேக்டரால், 0.82 என்று வைத்துக்கொள்வோம், வகுத்தால் 5.35 கே.வி.ஏ. 400 வோல்ட் மூன்று ஃபேஸில் அது சுமார் 7.7 ஆம்பியர். இதைப் பார்த்து 5.5 கே.வி.ஏ. ஜெனரேட்டர் போதும் என்று கிளம்பிவிடாதீர்கள்: நேரடி ஸ்டார்ட்டரில் மோட்டார் கிளம்பும் அந்தச் சில நொடிகளில் இதைப்போல ஆறேழு மடங்கு கரண்ட் இழுக்கும், ஜெனரேட்டர் திணறி வோல்ட்டேஜ் விழும், மோட்டார் சுற்றாமல் முனகும்.

அப்புறம், வாக்குவம் கிளீனர் மாதிரியான வீட்டுச் சாதனங்களில் கதை தலைகீழ். அவற்றில் போட்டிருக்கும் வாட் பெரும்பாலும் உள்ளே இழுப்பது. 1,500 வாட் என்று பார்த்ததும் 746ஆல் வகுத்து ‘2 ஹெச்.பி. வேலை செய்கிறது’ என்று சொல்ல முடியாது.

கேள்வி: ஒரு ஹெச்.பி.க்கு எத்தனை ஆர்.பி.எம்.?

பதில்: அப்படி ஒரு கணக்கே கிடையாது. ஆர்.பி.எம். என்பது நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்கிற வேகம். வேகம் தனி, திறன் தனி, இரண்டையும் சேர்ப்பது முறுக்கு விசை, அதாவது தண்டைச் சுழற்றும் பலம் (டார்க்). கிலோவாட்டை 9,550ஆல் பெருக்கி ஆர்.பி.எம்.ஆல் வகுத்தால் நியூட்டன் மீட்டரில் வரும். 7.5 கிலோவாட் மோட்டார் 1,440 ஆர்.பி.எம்.மில் ஓடினால் ஏறக்குறைய 50, அதே 7.5 கிலோவாட் 960இல் என்றால் 75. மெதுவாகச் சுற்றும் மோட்டார் அதே திறனுக்குப் பருமனாகவும் விலை கூடுதலாகவும் இருப்பதற்கு இதுதான் காரணம்.