மைலில் காற்று, செல்சியஸில் வெயில்

வணக்கம். ஒரு வருடமாக லண்டனில் இருக்கிறேன். பிபிசி வானிலை அறிக்கையில் வெயில் செல்சியஸில், மழை மில்லிமீட்டரில், காற்று மட்டும் மணிக்கு இத்தனை மைல். அடுத்த நிகழ்ச்சியில் யாரோ இத்தனை ஸ்டோன் எடை குறைத்தார் என்கிறார்கள். ஏன் இந்த அலட்சியம்?

கே.

அன்புள்ள கே.,

அலட்சியம் என்று சொல்லமாட்டேன். காற்று மைலில் வருவதற்குச் சாலைதான் காரணம். இங்கே வேகப் பலகைகள் இன்றும் மைலில்தான். 60 மைல் வேகக் காற்று என்றால் வண்டி ஓட்டுபவருக்கு உடனே உறைக்கும்; 97 கிலோமீட்டர் என்றால் உறைக்காது. 1965-ல் தொடங்கிய மெட்ரிக் மாற்றம் பாதியில் நின்றது. அதற்கென அமைத்த வாரியத்தையே 1980-ல் கலைத்துவிட்டார்கள். அரசு முடிக்காத வேலையை அறிவிப்பாளர் முடித்துவைக்க முடியாது.

வானிலைத் துறை 1962-லேயே செல்சியஸுக்கு வந்துவிட்டது. ஆனாலும் 2022 ஜூலை 19 அன்று, இங்கிலாந்தின் கோனிங்ஸ்பி என்ற ஊரில் 40.3 டிகிரி என்று வானொலி சொன்னதும் எங்கள் கீழ்வீட்டு மூதாட்டி படியேறி வந்து, "பழைய கணக்கில் எவ்வளவு?" என்று கேட்டார். ஃபாரன்ஹீட்டில் 104-ஐத் தாண்டிவிட்டது என்றேன். உடனே போய் ஜன்னல் திரைகளை இழுத்துவிட்டார். நமக்கும் அப்படித்தானே? குழந்தைக்குக் காய்ச்சல் 102 என்றால் பதறுகிறோம். 39 என்றால் ஒரு கணம் யோசிக்கிறோம்.

ரேடியோ 4-ல் கப்பல்களுக்கான வானிலை அறிக்கையைக் கேட்டுப் பாருங்கள். எனக்கு மிகவும் பிடித்தது. காற்றுக்கு ப்யூஃபோர்ட் எண் (காற்றின் வலுவைப் படிப்படியாகக் குறிக்கும் அளவு), பார்வைத் தூரத்துக்கு வெறும் சொற்கள். 'மோசம்' என்றால் 1000 மீட்டரிலிருந்து 2 கடல் மைல் வரை. ஒரே சொல்லுக்கு ஒரு முனை மீட்டரில், மறுமுனை கடல் மைலில். கடலில் இருப்பவர்களுக்கு அது பழகிய மொழி.

என் வருத்தம் வேறு. நேரில் பார்த்த ஒருவர் 'ஏறத்தாழ 100 மீட்டர்' என்று சொன்னதைச் செய்தியில் '328 அடி' ஆக்கிவிடும்போது எனக்குக் கோபம் வரும். அவர் கண்ணால் மதிப்பிட்ட தூரம் நாடா வைத்து அளந்ததாகிவிடுகிறது. 300 அடி இருக்கும் என்று சொன்னால் போதுமே.

எடை விஷயத்தில் நான் உங்கள் பக்கம். 1974 முதல் பள்ளிகளில் மெட்ரிக்தான் பிரதானம். அன்று சேர்ந்த பிள்ளைகளே ஐம்பதைத் தாண்டிவிட்டார்கள். கிலோவை முதலில் சொல்லிவிட்டு, ஸ்டோனைப் பின்னால் சொல்லட்டும். இங்கேயே பிறந்து வளர்ந்த என் மகள், போன வாரம் செய்தி கேட்டுக்கொண்டிருக்கும்போது, ஒரு ஸ்டோன் என்றால் எத்தனை கிலோ என்று என்னிடம் கேட்டாள். 14 பவுண்டு, ஆறு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே என்று நான்தான் சொல்லிக்கொடுத்தேன்.