கைபேசிக் கேள்வி பதில்: வீட்டுக்கு ஒரு கலண்டர்

கேள்வி: மாமியின் கிளினிக் திகதி, பிள்ளைகளின் டியூஷன், வாடகை கட்டும் நாள் எல்லாம் என் போனில் உள்ள கூகிள் கலண்டரில்தான் இருக்கின்றன. கணவரும் தங்கச்சியும் பார்க்கவும் திருத்தவும் என்ன செய்வது? (வெள்ளவத்தை வாசகி)

பதில்: இப்போது பாவிக்கும் கலண்டரை அப்படியே பகிராதீர்கள். அதில் உங்கள் சொந்த விஷயங்களும் கிடக்கும். திருத்தும் உரிமை பெற்றவருக்கு, 'பிரைவட்' என்று குறித்தவையும் தெரியும். 'வீடு' என்று தனியாக ஒன்று திறப்பதே நல்லது.

கணினியில் கூகிள் கலண்டர் தளத்துக்குப் போங்கள். இடப்பக்கம் 'அதர் கலண்டர்ஸ்' அருகிலுள்ள கூட்டல் குறியை அழுத்தி, புதிய கலண்டர் உருவாக்கி, நேர வலயம் கொழும்பு என்று இருக்கிறதா எனப் பாருங்கள். பிறகு அதன் பெயருக்குப் பக்கத்திலுள்ள மூன்று புள்ளிகளில் 'செட்டிங்ஸ் அண்ட் ஷேரிங்' திறந்து, இருவரின் ஜிமெயில் முகவரிகளையும் சேர்க்கவும்.

உரிமை நான்கு படிகளில் இருக்கும்: நேரம் ஒழிவா இல்லையா என்று மட்டும் பார்ப்பது, விபரம் பார்ப்பது, திருத்துவது, திருத்துவதோடு மற்றவர்களுக்கும் பகிர்வது. கணவருக்கும் தங்கச்சிக்கும் மூன்றாவது போதும். பிள்ளைகளுக்கு இரண்டாவது. 'பப்ளிக்' என்ற கட்டத்தைத் தொடவே வேண்டாம். மாமி எந்த நாளில் எங்கே போகிறார் என்பது ஊருக்கே தெரியும்.

அவர்களுக்கு மின்னஞ்சல் போகும். அதிலுள்ள இணைப்பை அழுத்தினால்தான் கலண்டர் சேரும். வரவில்லை என்றால், நீங்கள் கொடுத்த முகவரிதான் அவர்களின் போனிலும் இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் அங்கேதான் பிழை.

அடுத்த பிழை இன்னும் வழமையானது. போனில் புதிதாக ஒன்றைப் பதியும்போது அது உங்கள் பெயருள்ள கலண்டருக்கே போய்விடும். 'சேவ்' அழுத்துமுன் உங்கள் பெயரோ முகவரியோ தெரியும் வரியைத் தொட்டு 'வீடு' என்று மாற்றுங்கள். இதை மறந்தால் கிளினிக் திகதி உங்கள் போனில் மட்டும் இருக்கும்.

நினைவூட்டலும் தனித்தனிதான். உங்களுக்கு ஒரு நாள் முன்பு மணி அடித்தால் கணவருக்கும் அடிக்கும் என்றில்லை. அவரவர் போனில், செட்டிங்ஸில் 'வீடு' கலண்டரைத் திறந்து அவரவரே வைக்க வேண்டும்.

கேள்வி: மனைவி பகிர்ந்த கூகிள் கலண்டர், என் ஐபோனின் சொந்தக் கலண்டரில் வருவதில்லை. (கொட்டாஞ்சேனை வாசகர்)

பதில்: கூகிள் கலண்டர் செயலியை இறக்கினால் உடனே தெரியும். ஐபோன் கலண்டரே வேண்டுமென்றால், உலாவியில் கூகிளின் 'சிங்க் செலெக்ட்' பக்கத்தைத் தேடித் திறந்து, பகிரப்பட்ட கலண்டருக்கு எதிரே சரிக்குறி போட்டுச் சேமியுங்கள்.

கேள்வி: டொரன்டோவில் உள்ள தம்பியோடு ஞாயிறுதோறும் இரவு 7.30க்கு வீடியோ அழைப்பு. மார்கழியில் அவன் ஒரு மணி நேரம் பிந்தி வருகிறான். கலண்டர் பிழையா? (பம்பலப்பிட்டி வாசகி)

பதில்: பிழையில்லை. அங்கே மணிக்கூட்டை ஆண்டுக்கு இரு தடவை மாற்றுகிறார்கள், இங்கே மாற்றுவதில்லை. கோடையில் வித்தியாசம் 9½ மணி, குளிர்காலத்தில் 10½. உங்கள் 7.30 அவருக்குக் கோடையில் காலை 10, நவம்பர் முதல் ஞாயிறிலிருந்து காலை 9. அவர் பழக்கத்தில் 10 மணிக்கே வருகிறார். அவருக்கு 10தான் வசதி என்றால், பதிவில் நேர வலயத்தை டொரன்டோ என்று மாற்றி, நேரத்தைக் காலை 10 என்று வையுங்கள். குளிர்காலத்தில் உங்கள் போன் தானாகவே 8.30 என்று காட்டும். மார்ச் இரண்டாம் ஞாயிறிலிருந்து மறுபடி 7.30.