வேலை முடிந்ததும் குழந்தையாகிவிடும் தங்கை

தங்கைக்குப் பைத்தியமா, பேய் பிடித்துவிட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். பைத்தியமும் இல்லை, பேய் பிடித்ததும் இல்லை. கோலாலம்பூர் பங்சாரில் வேலை முடிந்து வந்து, கரடி பொம்மையோடு மழலையில் பேசி, கார்ட்டூன் பார்க்கும் உங்கள் 24 வயது தங்கை மன அழுத்தத்தை இறக்கி வைக்கிறாள். மனம் இப்படி முந்தைய வயதுக்குத் திரும்புவதை ஒரு தற்காப்பு என்றே உளவியல் அறிஞர் ஃபிராய்டு விளக்கினார்.

வேலை மாறிய பிறகுதான் தொடங்கியது என்கிறீர்கள். காரணம் அங்கேதான் இருக்கும்.

அந்த நேரத்தில் போன் வந்தால் உடனே எப்போதும்போல் பேசுகிறாளா, கவனியுங்கள். பேசினால் அப்படியே விட்டுவிடுங்கள். தயவுசெய்து கேலி வேண்டாம், உறவினர்களிடமும் சொல்ல வேண்டாம். மைலோ கலக்கிக் கொடுத்துப் பக்கத்தில் உட்காருங்கள்.

ஆனால் தன்னையறியாமல் நடந்தாலோ, நடந்தது நினைவில்லை என்றாலோ அரசு கிளினிக்கில் டாக்டரைப் பாருங்கள். சாக வேண்டும் என்று பேசினால் காத்திருக்காதீர்கள், உடனே மலேசிய மனநல உதவி எண் 15555க்கு அழையுங்கள். ஆபத்து என்றால் அவசர எண் 999.